ஏழு நிமிஷம் முன்னால

உக்காருங்க, உக்காருங்க. பை கிடந்தா என்னங்க, இப்படி மடியில வச்சுக்கறேன். உடுமலை வண்டிக்குத்தானே நிக்கறீங்க? நானும் அதுக்குத்தான். நாலே கால் வண்டி. என் வாட்ச்சுல இப்ப நாலு. உங்க செல்லுல மூணு அம்பத்தி மூணு காட்டுதா? காட்டும், காட்டும். ஊரே கொஞ்சம் பின்னாடிதான் ஓடுது, செல்லு மட்டும் என்னங்க பண்ணும்.

என் பேரு தண்டபாணி. அதோ அந்தப் புகைபோக்கி தெரியுதுங்களே, அந்த மில்லுலதான் பதினாறு வருசமா சிஸ்டம் இன்சார்ஜ். கம்ப்யூட்டர், கேமரா, ரேகை வைக்கற மிஷினு, ஒயர் எங்க போகுது எங்க வருது, எல்லாம் நாந்தான். நீங்க? துணி யாவாரமா. நல்லதுங்க. யாவாரத்துல சகலைக்காரன் வந்து நிக்கமாட்டான். வந்து நின்னா ஒழிஞ்சுதுங்க, அதுக்கப்புறம் சோறு எறங்காது.

சிரிக்கறீங்க. உங்களுக்குச் சகலை இருக்குதுங்களா? இல்லையா. குடுத்து வச்ச மனுசன்.

என் ஊட்டுக்காரி வளர்மதி. அவ தங்கச்சி கலைவாணி. கலைவாணி வீட்டுக்காரன் மோகனசுந்தரம், பெங்களூர்ல கம்ப்யூட்டர் இன்சினீயரா இருக்கான். அவன்ங்கறேனேன்னு தப்பா நெனைக்காதீங்க, நேர்ல பாத்தா வாங்க தம்பிதான். அவனும் என்னை அண்ணா அண்ணாம்பான். அந்த அண்ணாவுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. அதுதானுங்க எனக்கு எரிச்சல். குத்தம் சொல்ல ஒரு எடமாவது வைக்கணுமில்ல மனுசன்.

நான் மாமனார் வீட்டுக்குப் போனா தக்காளிக் கொழம்பு. அவன் போனா நாட்டுக்கோழி. கேட்டா அத்தை சொல்லுது, "நீங்க வாரத்துக்கு ஒருக்கா வர்றீங்க மாப்ள, அவரு வருசத்துக்கு ரெண்டு தடவதான வர்றாரு." ஆக, அடிக்கடி வர்றவனுக்குத் தக்காளி. சரிங்க, கோழிக்காகச் சொல்லல. விசயத்துக்கு வர்றேன்.

மில்லுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டருக்கும் வெளிய இருக்கற உலகத்துக்கும் நடுவுல ஒரு பெட்டி நிக்கும். ஃபயர்வால்னு பேரு. கேட்டுல நிக்கற வாட்ச்மேன்னு வச்சுக்குங்க. பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல லினக்ஸ் போட்டு, ரெண்டு நெட்வொர்க் கார்டு சொருகி, நானே உண்டாக்குனது. யாரு உள்ள வரலாம், யாரு வெளிய போலாம், எல்லாம் அது சொல்றதுதான். வந்தவன் போனவன், எவன் எந்த நேரத்துல என்ன பண்ணுனான், வரி பிசகாம எழுதி வச்சுக்கும். முதலாளியா இருந்தாலும் எழுதும். அதுகிட்ட மொகதாட்சண்யமே கெடையாது. எனக்கு அதுல ஒரு பெருமைங்க.

மில்லுல இருக்கற எல்லா மிஷினும் அந்தப் பெட்டிகிட்டத்தான் மணி கேக்கும். ரேகை மிஷினு கேக்கும், கேமரா கேக்கும், கேட்டுல சங்கு ஊதற கம்ப்யூட்டரும் கேக்கும். அப்ப அந்தப் பெட்டிக்கு மணி சொல்றது யாரு? நாந்தான். திங்கக்கிழமை காலையில வந்ததும் கையக் கழுவிட்டு, இந்த வாட்ச்சப் பாத்து, பெட்டியில மணிய வைப்பேன். பதினாறு வருசம். ஒரு திங்கக்கிழமை தவறுனதில்ல.

இந்த வாட்ச் சாதாரண வாட்ச் இல்லீங்க. மாமா, அதான் எங்க மாமனாரு, குடுத்தது. மாமா இதே மில்லுல டைம் ஆபீஸ்ல டைம் கீப்பரா இருந்தவரு. மில்லுக் கடிகாரம் முப்பது வருசம் அவரு கையில. ஊரு மணிக்கு ஏழு நிமிஷம் முன்னால வச்சிருந்தாரு. ஏன்னா, ரெண்டு மணி ஷிப்டு விட்டா ரெண்டு மணிக்கே டவுன் பஸ். நூல் ஓட்டற பொம்பளைங்க கேட்டுக்கு ஓடி வர்றதுக்குள்ள வண்டி போயிரும், அடுத்த வண்டி முக்கா மணி நேரம் கழிச்சு. முதலாளிகிட்டப் போயி "அதுகள ஏழு நிமிஷம் முன்னாடி விடுங்க"ன்னு கேக்க முடியுமா? அதனால கடிகாரத்தயே முன்னால வச்சுட்டாரு. காலையில ஏழு நிமிஷம் முன்ன வருவாங்க, மத்தியானம் ஏழு நிமிஷம் முன்ன போவாங்க. கணக்கு சரியாப் போச்சு. பெரிய முதலாளியும் தெரிஞ்சே தெரியாத மாதிரி இருந்துட்டாரு.

எங் கல்யாணத்துல இந்த வாட்ச்சக் கழட்டி என் கையில கட்டிவிட்டாரு மாமா. மூத்த மாப்பிள்ளைக்கு. ரிப்பேருக்குக் குடுத்தாக்கூட "ஏழு நிமிஷம் முன்னால வச்சுத்தான் தரோணும்"னு சொல்லித்தான் குடுப்பேன். மாமா வச்ச முள்ள நான் மாத்துனதில்ல.

இப்படி இருந்த எடத்துல, சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேனுங்க. எம் பொண்ணுக்குக் காதுகுத்து வச்சேன். சின்ன முதலாளி வந்தாரு. பக்கத்துல உக்கார ஆளு வேணுமேன்னு மோகன உக்கார வச்சேன். நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சேனுங்க. நூல் வாங்கற வெளிநாட்டுக்காரங்க சோதனைக்கு வரப்போறாங்க, ரேகை மிஷினு மணியும் கேமரா மணியும் அவங்க மெயில் மணியும் பொருந்தலைங்கறாங்கன்னு முதலாளி கவலப்பட்டுக்கிட்டு இருந்தாரு. இவன் பாயசத்தக் குடிச்சுக்கிட்டே, "ஃபயர்வாலு வெளிய மணி கேக்குதுங்களா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான். அடுத்த வாரம் மோகன் மில்லுக்குள்ள நிக்கறான்.

வந்தவன் என்ன பண்ணுனான்? முதல்ல எங்கிட்ட, "அண்ணா, மணி கேக்கற வழிய அடைச்சு வச்சிருக்கீங்களா?"ன்னான். ஆமான்னேன். வெளியில இருந்து ஒரு ஈ காக்கா உள்ள வரக்கூடாதுன்னு எல்லா வழியும் அடைச்சு வச்சிருந்தேன். "கேக்கறதுக்கு மட்டும் தொறந்துக்கலாமுங்ணா"ன்னு சொல்லி ஒரு வழியத் தொறந்தான். அப்புறம் வெளிய நாலு எடம் எழுதுனான். பெட்டி அந்த நாலு எடத்துலயும் மணி கேக்கும். நாலுல ஒருத்தன் பொய் சொன்னா, மத்த மூணு பேத்த வச்சு, இவன்தான் பொய்காரன்னு கண்டுபிடிச்சு ஒதுக்கி வச்சிரும். மணி கொஞ்சம் பிசகியிருந்தா ஒரே தள்ளாத் தள்ளாது, யாருக்கும் தெரியாம மெல்ல மெல்ல இழுத்து சரி பண்ணிரும். உள்ள இருக்கற மிஷினு கேட்டா பதில் சொல்லும். வெளியாளு கேட்டா வாயே தொறக்காது.

பத்து வரிங்க. மொத்தமே பத்து வரி. எழுதிட்டு, "இனி திங்கக்கிழமை நீங்க மெனக்கெட வேண்டியதில்லீங்ணா"ன்னான். நல்லதுக்குத்தான் சொன்னான். எனக்குக் கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

அடுத்த திங்கக்கிழமை காலையில வந்து கையக் கழுவிட்டு நிக்கறேன். பண்றதுக்கு வேலையில்ல. அதுவரைக்கும் மில்லுல யாரு எதுத்தாப்புல வந்தாலும் "தண்டபாணி, மணி என்ன?"ம்பாங்க. அன்னைக்கு ஸ்பின்னிங் மாஸ்டர் என்னைத் தாண்டிப் போயி செவுத்துல இருக்கற ரேகை மிஷினப் பாத்து மணி தெரிஞ்சுக்கிட்டாரு. வயிறு எரிஞ்சுதுங்க. பொறாமைதான். மறைச்சு என்ன ஆகப்போகுது.

ஆனா ஒரு சந்தோசம் வந்துச்சு. மணி ஊரு மணிக்கு வந்ததுல மத்தியானச் சங்கு ஏழு நிமிஷம் தள்ளிப் போச்சில்ல? பொம்பளைங்க வெளிய வர்றப்ப பஸ்ஸு போயிருச்சு. மூணு நாளு வெயில்ல நின்னாங்க. சுந்தராம்பான்னு வைண்டிங்ல ஒரு அக்கா, வாய் கொஞ்சம் நீளம், "எந்த நாசமாப் போறவன்யா மணியில கை வச்சது?"ன்னு கேட்டுச்சு. பெங்களூர்க்காரருன்னு சொன்னேன். பேரும் சொன்னேன். கேட்டாங்களே, சொல்லாம இருக்க முடியுங்களா.

அந்தப் பேச்சு அவன் காதுக்குப் போயிருச்சு. அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணுனான். "அண்ணா, மாமா எதுக்கு ஏழு நிமிஷம் வச்சாருன்னு இப்பத்தான் புரியுதுங்க. மணி சரியாவே இருக்கட்டும். சங்கு ஊதற நேரத்த மட்டும் மாத்தலாம். காலையிலயும் ஏழு நிமிஷம் முன்ன, மத்தியானமும் ஏழு நிமிஷம் முன்ன. முதலாளிகிட்டப் பேசி எழுதி வாங்கிட்டேன்"னான். அன்னைக்கே மாத்திட்டான். மறுநாளு பொம்பளைங்க பஸ்ஸப் பிடிச்சுட்டாங்க. சுந்தராம்பா எங்கிட்டயே வந்து, "உங்க சகலை தங்கமான மனுசனாட்ட இருக்குதுங்களே"ன்னுச்சு.

அதக்கூடத் தாங்கிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனேன். விசயம் எனக்கு முன்னாடியே போயிருந்துச்சு. மாமா கட்டில்ல உக்காந்து அப்படிச் சிரிக்கறாரு. "நான் பயந்துக்கிட்டு திருட்டுத்தனமாச் செஞ்சத, மோகன் எழுத்துல வாங்கிச் செஞ்சுட்டாப்ல. டைம் ஆபீஸ்ல உக்கார வேண்டிய ஆளு"ன்னாரு.

அந்த வார்த்தைதானுங்க. பதினாறு வருசம் அவரு முள்ளக் காப்பாத்துனது நானு. ஒரு நாளாவது, "தண்டபாணி, டைம் ஆபீஸ்ல உக்கார வேண்டிய ஆளு"ன்னு சொன்னாரா? அன்னைக்கும் எனக்குத் தக்காளிக் கொழம்புதான். இலையப் பாக்கவே பிடிக்கல.

மணி பாருங்க. நாலே காலு. வண்டியக் காணோம். ஒரு ஒழுங்கே கெடையாதுங்க இந்த ரூட்டுல.

சோதனைக்காரங்க ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு வந்தாங்க. மோகன் பெங்களூர்ல இருந்தபடியே பெட்டிக்குள்ள நுழைஞ்சு, பதிவெல்லாம் பெரிய திரையில காட்டறதா ஏற்பாடு. வெளியூர்ல இருந்து உள்ள வரோணும்னா, பாஸ்வேர்டு போக, செல்லுல ஆறு எண்ணு வரும், அதையும் அடிக்கோணும். அரை நிமிஷத்துக்கு ஒருதரம் அந்த எண்ணு மாறும். செல்லு மணியும் பெட்டி மணியும் ஒண்ணா இருந்தாத்தான் கதவு தொறக்கும்.

நான் அன்னைக்கு ஒம்போதரைக்கு சர்வர் ரூமுக்குப் போனேன். எதுக்குப் போனேன்? சும்மா, தூசி தட்டலாம்னு. பெட்டி முன்னால உக்காந்தேன். வாட்ச்சப் பாத்தேன். மணி கேக்கற வேலையை நிறுத்துனேன். ஏழு நிமிஷம் முன்னால வச்சேன். அந்த வாரம் திங்கக்கிழமை லீவு, அதனால புதன்கிழமை வச்சேன்னு வச்சுக்குங்களேன். அந்த ஆறு எண்ணு சமாச்சாரம் சத்தியமா எனக்கு அப்ப ஞாபகத்துல இல்லீங்க.

சரி. இருந்துச்சு. கொஞ்சம் இருந்துச்சு. நீங்க உடுமலையில எறங்கிப் போறவரு, உங்ககிட்டச் சொன்னா என்ன. அடிச்ச கட்டளையெல்லாம் அழிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன். ஒரு துப்பு கெடையாது.

பத்து மணிக்குப் போன் வந்துச்சு. "அண்ணா, எண்ணு ஏத்துக்க மாட்டேங்குது." மறுபடி அடிச்சுப் பாருங்க தம்பின்னேன். அடிச்சான். மறுபடி. மறுபடி. சோதனைக்கு வந்த அம்மா பேனாவத் தட்டிக்கிட்டே உக்காந்திருக்கு. சின்ன முதலாளி மொகம் செவந்து போச்சு. "தண்டபாணி, இங்கிருந்தே தொறக்க முடியாதா?"ன்னு கேட்டாரு. மோகன் பூட்டுன பூட்டுங்க, சாவி அவருகிட்டன்னு சொல்லிட்டுக் கையக் கட்டி நின்னேன். ஒரு வரி அடிச்சா சரியாயிருக்கும். தெரியும். மத்தியானம் சங்கு வேற கண்ட நேரத்துல ஊதித் தொலைச்சுது. அதுவும் அவன் தலையில விழுந்துச்சு. வந்தவங்க "இன்னொரு நாள் பாத்துக்கலாம்"னு எழுதி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

மோகன் கார எடுத்துக்கிட்டு சாயங்காலம் வந்து சேந்தான். சட்டையெல்லாம் வேர்வை. வழியில ஒரு எடத்துலயும் நிறுத்தலையாம். பெட்டி முன்னால உக்காந்தான். முதலாளி பின்னால நிக்கறாரு, நான் ஓரமா நிக்கறேன். திரையில வரிவரியா ஓடுச்சு. ஒரு எடத்துல நிறுத்துனான். அதையே பாத்துக்கிட்டு இருந்தான். என்ன இருந்துச்சோ, எனக்குத் தூரத்துல இருந்து படிக்க முடியல. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்தான். திரைய அணைச்சுட்டு, பெட்டிய நிறுத்தி மூடியக் கழட்டுனான். உள்ள ஒரு காசு அகலத்துக்கு பேட்டரி இருக்கும், அதை நெம்பி எடுத்தான்.

"பேட்டரி தீந்து போச்சுங்க. அதுல மணி பிசகிருச்சு. முதல் நாளே பாத்திருக்கோணும், என் தப்புத்தான்"னு முதலாளிகிட்டச் சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்திருச்சுங்க. ஓடிக்கிட்டு இருக்கற பெட்டிக்கு பேட்டரி எதுக்கு? நிறுத்தி வச்ச பெட்டிக்குத்தான அது மணி காக்கும். அதுவுமில்லாம அந்த பேட்டரிய நான் போன தை மாசந்தான் மாத்துனேன். எதை மாத்துனாலும் அதுமேல மார்க்கர்ல தேதி எழுதறது என் பழக்கம். எழுதியிருந்துச்சு, பளிச்சுன்னு. அதப் படிச்சும் பாத்தான். பாத்துட்டு, முதலாளி கண்ணுல படாம சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டான். பெங்களூர் இன்சினீயராம், இதுகூடத் தெரியல.

முதலாளி புடிச்சு ஏறுனாரு பாருங்க. அத்தனை பேரு முன்னால. "உங்களை நம்பி மானம் போச்சு. இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்"னுட்டாரு. அவரு பங்காளிங்களோட ரெண்டு மில்லுலயும் மோகன் இதே வேலைக்குப் பேசி வச்சிருந்தான், அதுவும் போச்சு. வேலையில கவனமில்லாத ஆளுன்னு பேராயிருச்சு. அத்தனையும் அவன் தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டான்.

நான் ஜெயிச்சேன்னு வச்சுக்குங்க. மறு திங்கக்கிழமையில இருந்து பழையபடி நாந்தான் மணி வைக்கறேன். சின்ன முதலாளியே சொல்லிட்டாரு, "நீங்களே பாத்துக்குங்க தண்டபாணி." சங்கு நேரத்தையும் பழையபடி மாத்திட்டேன். எல்லாம் மாமா வச்ச மாதிரியே.

ஊட்டுல வளர்மதி ஒரு நாளு கேட்டா, "ஏனுங்க, தங்கச்சி வீட்டுக்காருக்கு அந்த வேலை போச்சாமே, நீங்க அங்கதான இருந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" அவன் எதாவது சொன்னானான்னு கேட்டேன். "உங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலீங்களே"ன்னா. சொல்றதுக்கு என்ன இருக்குன்னு சத்தம் போட்டேன். எதுக்கு அவ்வளவு சத்தம் போட்டேன்னு தெரியல. பாப்பா பயந்துக்கிட்டு உள்ள ஓடிருச்சு.

இன்னைக்கு மாமா ரெண்டு மாப்பிள்ளையும் வரோணும்னு கூப்பிட்டிருக்காரு. குடிமங்கலம் நால்ரோட்டுல எறங்கிப் போகோணும். பையில இருக்கறது மைசூர்பாகு. மோகனும் வர்றான். அன்னைக்கப்புறம் இன்னும் மொகம் பாக்கல. பாத்தா என்ன, எனக்கென்ன பயம்?

ஒண்ணே ஒண்ணுதானுங்க, மூணு வாரமா மண்டையில ஓடிக்கிட்டு இருக்கு. அன்னைக்குத் திட்டெல்லாம் வாங்கிட்டு காரு வரைக்கும் வந்தான். நானும் கூடப் போனேன், சகலையாச்சே, வழியனுப்ப வேண்டாமா. கதவத் தொறந்து உக்காந்தவன், என் கையவே பாத்தான். "அண்ணா, மாமா குடுத்த வாட்ச் இன்னும் சரியா ஏழு நிமிஷம் முன்னாலதான் ஓடுதுங்களா?"ன்னு கேட்டான். ஓடுது தம்பின்னேன். "நல்லதுங்ணா. பாத்துக்குங்க"ன்னு சொல்லி, கும்பிட்டுட்டுப் போயிட்டான்.

அவ்வளவுதான். திட்டு வாங்குன மனுசன், அத்தனை தூரம் கார் ஓட்டணும், அந்த நேரத்துல வாட்ச்சப் பத்தி எதுக்குங்க கேக்கறான்?

அதோ வந்துருச்சுங்க வண்டி. மணியப் பாருங்க, நாலு இருபத்திரண்டு. ஏழு நிமிஷம் லேட்டு. உங்க செல்லுல நாலே காலா? இருக்கட்டும். பையக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன், நீங்க முதல்ல ஏறுங்க.

ஏனுங்க, என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவன் எதுக்குக் கேட்டான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாட்ட இருக்குது.

வேண்டாமுங்க. சொல்லாதீங்க.